ஐந்து துண்டுகள்

ஃபிரிட்ஜின் கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து வந்த குளிர் புறங்கைகளில் படிந்துகொண்டிருந்தது. இடக்கையில் எவர்சில்வர் சம்படம், வலக்கையில் அதன் மூடி. ஞானவடிவு நின்றுகொண்டிருந்தாள். எடுப்பதற்காக வந்து நிற்கிறாளா, எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தை வைப்பதற்காக வந்து நிற்கிறாளா என்பது மட்டும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைக்கூட அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. படிக்கட்டில் கண் இருட்டினால் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு சற்று நிற்பதில்லையா, அப்படி நின்றால் தானாகத் தெளிந்துவிடும் என்று நின்றாள். தெளியவில்லை. கூடத்துக் கடிகாரம் நாலு அடித்து ஓய்ந்திருந்தது; அடித்தது இப்போதுதானா, சற்று முன்னாலா? சம்படத்துக்குள் விரித்த ஈயத்தாளின் மேல் கறுப்புச் சாக்லேட் துண்டுகள் கிடந்தன. எண்ணினாள். ஐந்து. விரலால் ஒவ்வொன்றையும் தொட்டு மறுபடி எண்ணினாள். ஐந்துதான். ஒரு பாளத்தில் பத்துத் துண்டுகள். நாளுக்கு இரண்டு, தங்கை பியூலாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. வியாழக்கிழமை பிரித்தது, உறையின் மேல் பேனாவால் தேதி எழுதியிருக்கிறாள், கையெழுத்து அவளுடையதே, ஐயமில்லை. வியாழன் இரண்டு, வெள்ளி இரண்டு. இன்று சனி. இன்றைக்கு இன்னும் சாப்பிடவில்லை என்றால் ஆறு இருக்க வேண்டும். சாப்பிட்டாயிற்று என்றால் நான்கு. ஐந்து என்ற எண்ணுக்கு இந்த வீட்டில் இடமே கிடையாது. விடை பிசகினால் கூட்டலில் பிழை இருக்கும், அல்லது எடுத்துக்கொண்ட அளவில் பிழை இருக்கும், மூன்றாவதாக ஒன்று இல்லை என்று முப்பத்து நான்கு ஆண்டுகள் வேதியியல் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது போலும். எடுத்தவளே பிழையாக இருக்கலாம்.

ஒரு துண்டு போயிருக்கிறது; யார் வாய்க்கு என்பதுதான் கேள்வி. பியூலாவிடம் கொடுத்துவிட்டுத் தனக்கு எடுக்க வந்திருக்கலாம். தான் தின்றுவிட்டு அவளுக்கு எடுக்க வந்திருக்கலாம். இன்னொரு துண்டினால் யாருக்கும் உயிர் போய்விடாது, பியூலாவின் சர்க்கரை அளவு எல்லையை ஒட்டித்தான் நிற்கிறது என்றாலும். அதுவல்ல விஷயம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் பியூலாவின் நினைவு நூல் பிரியத் தொடங்கியபோது, இறந்துபோன அண்ணனின் மகள் ஷைனி பெங்களூரிலிருந்து கைபேசிக்கு ஒரு கட்டுரையை அனுப்பினாள். கொக்கோவில் இருக்கும் ஃபிளவனால் என்ற பொருள் இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது, மூளைக்குப் போகும் இரத்த ஓட்டத்துக்கு உதவக்கூடும், இரத்த அழுத்தத்தைச் சிறிது குறைக்கக்கூடும், மனத்துக்கும் நல்லது. எழுபது சதவீதத்துக்கு மேல் கொக்கோ இருக்க வேண்டும், ஒரு சிறு துண்டே போதும். ஞானவடிவு அதை இரண்டு முறை படித்தாள். கூடும், கூடும் என்று எத்தனை இடத்தில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்தாள், ஏழு இடம். நரம்பு மருத்துவரிடம் கேட்டபோது அவர் சிரித்தார். "நல்லதுதான் டீச்சர், சந்தோஷமாச் சாப்பிடுங்க. இதுதான் மருந்துன்னு மட்டும் நினைச்சிராதீங்க." நினைக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டேதான் அவள் நினைத்தாள். ஷைனி ஒரு பெட்டி வாங்கி அனுப்பினாள். முதல் நாள் பியூலா வாயில் போட்ட உடனே முகத்தைச் சுளித்து, "இது என்னதுக்கா, கசாயத்தக் காய்ச்சி உறைய வச்ச மாரி! நீ கெமிஸ்ட்ரி லேப்ல செஞ்சியா?" என்றாள். கடிக்கக் கூடாது, நாக்கின் மேல் வைத்து வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், கொக்கோ வெண்ணெய் நம் உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழேயே உருகிவிடும், அதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று ஞானவடிவு பாடம் நடத்தினாள். பாளையங்கோட்டை வெயிலில் வெளியே இருந்தால் மேலே வெள்ளையாகப் பூத்துவிடும். அது பூஞ்சை அல்ல, கொழுப்பு மேலேறிப் படிவதுதான், தின்னலாம். பியூலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, ஐந்தாம் நாள், "பரவால்லக்கா, கடைசில ஒரு வாசம் வருது பாத்தியா, மழை விழுந்த மண்ணு மாரி" என்றாள். பூகோள ஆசிரியை. கொக்கோ எங்கே விளைகிறது என்று கேட்டால் இன்றும் ஐவரி கோஸ்ட், கானா, நைஜீரியா, கேமரூன் என்று கரையோரமாக நடந்துபோவதுபோல் சொல்லுவாள். மத்தியானம் என்ன குழம்பு என்று கேட்டால் புடவை ஓரத்தைப் பார்ப்பாள்.

ஃபிரிட்ஜ் முனகியது. கதவை நெடுநேரம் திறந்து வைத்திருக்கிறாய் என்கிறது. மூடினாள். சம்படம் கையிலேயே இருந்தது. நாலரைக்கு ஷைனி கூப்பிடுவாள், சனிக்கிழமைதோறும் கூப்பிடுகிறாள். போன ஈஸ்டருக்கு வந்திருந்தபோது இந்த அடுக்களை வாசலில் நின்றுதான் சொன்னாள்; அவள் அப்பாவைப் போலவே, கசப்பான பேச்சை நின்றுகொண்டுதான் பேசுவாள். "பெரியத்தை, உங்க தலை தெளிவா இருக்கிற வரைக்கும் நீங்க ரெண்டு பேரும் இந்த வீட்டிலயே இருங்க. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா ஒருநா உங்களால முடியலன்னா மறைக்காமச் சொல்லிரணும். சின்னத்தைக்கு நாகர்கோவில்ல ஒரு முதியோர் இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன். ஒரு இடம் குடுப்பாங்க." ஒரு இடம். வீட்டில் ஒரு தலையாவது தெளிவாக இருக்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. அந்தத் தலை ஞானவடிவினுடையது, எழுபத்து நான்கு வயது, கண்புரை மட்டும் நீக்கியது, வேறு பழுதில்லை. தன்னோடு வேலை பார்த்த தங்கபாய் டீச்சரை அப்படியொரு இல்லத்தில் போய்ப் பார்த்திருக்கிறாள். சுத்தமான இடம், குறை சொல்ல முடியாது; ஜன்னலில் செம்பருத்தி, வேளைக்குக் கஞ்சி. தங்கபாய் டீச்சரின் ரவிக்கையில் தோளுக்குக் கீழே ஒரு துணித் துண்டில் அவள் பெயரைத் தைத்திருந்தார்கள். துவைக்கப் போடும்போது மாறாமல் இருப்பதற்காம். முப்பது வருஷம் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட்டு வருகை குறித்தவளின் மேல் அவள் பெயரையே தைத்து வைத்திருக்கிறார்கள். அவள் ஞானவடிவின் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க எந்த செக்ஷன் என்று கேட்டாள். பியூலாவை அங்கே தனியாக விடுவதா. பியூலாவுக்கு இரவில் எழுந்தால் கழிவறை எந்தப் பக்கம் என்று தெரியாது. அக்கா என்று ஒருமுறை கூப்பிடுவாள், அவ்வளவுதான், குரலை உயர்த்த மாட்டாள். அங்கே யார் அதைக் கேட்பார்கள்?

பதற்றப்படக் கூடாது. சான்றுகளைப் பார்க்க வேண்டும். சுவரில் திருச்சபை நாட்காட்டி தொங்கியது. ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் சிவப்பு மையில் ஒரு சிறு குறி. சாக்லேட் கொடுத்ததற்கான குறி. இன்றைய கட்டத்தில் குறி இருந்தது. ஒரு கணம் நெஞ்சு இளகியது. மறு கணமே இறுகியது. ஏனென்றால் அவள் குறியிட்ட பிறகுதான் கொடுப்பாள். வகுப்புக்குள் நுழைந்ததும் முதலில் வருகைப் பதிவு, பிறகுதான் பாடம்; அந்தப் பழக்கம் கையோடு வந்துவிட்டது. அதிலும் சென்ற மாதத்திலிருந்து காலை மாத்திரை கொடுக்கும்போதே சேர்த்துக் குறித்துவிடுகிறாள். ஏன் அப்படி மாற்றினாள்? மாலையில் குறிக்க மறந்துவிட்டது என்பதற்காக. மறந்துவிட்டது என்று அன்றைக்கு எவ்வளவு இலகுவாகச் சொல்லிக்கொண்டாள்! தன் கையால் தனக்கு எதிராகவே பொய்ச் சாட்சி எழுதிவைத்திருக்கிறாள். சரி, வேறு சான்று. நாக்கு. நாக்கைப் பல்லின் பின்புறம் ஓட்டினாள். கசப்பு இருந்தது. இருக்கிறது, தான் தின்றிருக்கிறாள்! ஆனால் தொட்டியில் ஒரு காப்பித் தம்ளர் கவிழ்ந்து கிடந்தது, ஈரமாக, உள்ளே இன்னும் காப்பி மணம் இருந்தது. காப்பி குடித்திருக்கிறாள். எப்போது? பால் காய்ச்சியது நினைவில் இல்லை. டிகாக்ஷன் ஊற்றியது நினைவில் இல்லை. அரை மணி நேரம் முழுதாக, யாரோ கத்தரிக்கோலால் வெட்டி எடுத்ததுபோல, ஓரங்கள் கூட நேராக. முழங்காலுக்குப் பின்புறம் வியர்த்தது. இரண்டு வாரத்துக்கு முன் குளித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பொருளின் பெயர் தப்பிப்போனது: கண்ணாடிக் குழாய், நடுவில் புடைத்திருக்கும், வாயால் உறிஞ்சிச் சுட்டுவிரலால் அடைத்துக்கொள்ள வேண்டும், கண்மட்டத்துக்கு உயர்த்திக் கோட்டைப் பார்க்க வேண்டும், எத்தனை நூறு பிள்ளைகளுக்குக் கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்திருக்கிறாள், பெயர் மட்டும் இல்லை. ஈரத் தலையோடு நாற்காலியில் உட்கார்ந்து அதற்காகக் காத்திருந்தாள். பிப்பெட். பத்து நிமிடத்தில் வந்துவிட்டது. வந்துவிட்டதே, பிறகென்ன என்று தலையைத் துவட்டினாள். வயதானால் எல்லோருக்கும் வருவதுதான் என்றாள். பியூலாவுக்கும் முதலில் அப்படித்தான் சொன்னாள், அதே குரலில், அதே துவாலையைக் கையில் வைத்துக்கொண்டு.

கூடத்தில் பியூலா ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்பது வயது முகம். வெளிச்சம் பட்டால் சில நேரம் பதினைந்து வயதாகிவிடுகிறது. ஞானவடிவு எதிரில் போய் நின்று அவள் உதடுகளைப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன. விரல் நுனிகளைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. ஆனால் பியூலா பூனைபோல, தின்றபின் துடைத்துக்கொள்கிறவள். தினமும் நாலே கால் ஆனதும் இவள், "இன்னைக்குச் சாக்லேட் சாப்பிட்டோமாக்கா?" என்று கேட்பாள். தின்று இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, வாயில் மணம் இருக்கும், இருந்தும் கேட்பாள். சாப்பிட்டாச்சு பியூலா, என்று ஞானவடிவு சொல்வாள். மூன்றாவது முறைக்குக் குரல் கடினப்படும். ஒருநாள், சென்ற ஆவணியில், இடுப்பு வலியோடு படுத்திருந்தபோது, எழுந்திருக்கச் சோம்பல்பட்டு, கொடுக்காமலே சாப்பிட்டாச்சு என்று சொல்லிவிட்டாள். பியூலா நம்பினாள். நல்லாருந்துதுக்கா என்றுகூடச் சொன்னாள். அந்தச் சொல் இன்னும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது. எதையெல்லாமோ மறக்கத் தொடங்கியிருக்கிற தான் அதை மறக்கக் கூடாதா. இந்த வீட்டில் நடந்தது நடக்காதது எல்லாம் தன் வாயால்தான் தீர்மானமாகிறது என்று அன்று ஒரு கணம் அச்சமாக இருந்தது. கூடவே, ஒளிக்க முடியாது, ஒரு பெருமையும் இருந்தது. இப்போது அந்த வாய் உலர்ந்துபோய் நிற்கிறது.

"பியூலா."

"என்னக்கா, தூங்கலையா நீ? மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

"நாம இன்னைக்குச் சாக்லேட் சாப்பிட்டோமா?"

பியூலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு தோள் குலுங்கச் சிரித்தாள். "நல்ல ஆளப் பாத்துக் கேட்ட போ! எனக்கு ஞாபகம் இருந்தா ஊரே திருவிழா கொண்டாடுமே. நீதானக்கா சொல்லுவ."

"எனக்குத் தெரியல."

சொல்லிவிட்டாள். இவ்வளவு சிறிய வாக்கியம். வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாத கேள்வி வந்தால் நாளைக்குப் பார்க்கலாம் என்பாள், இரவெல்லாம் படித்துக்கொண்டு வருவாள். பியூலாவின் சிரிப்பு மெல்ல நின்றது. ஏதோ ஒன்று அவள் கண்ணுக்குள் நகர்ந்து அருகில் வந்தது. பழைய பியூலா, எட்டாம் வகுப்பு பி பிரிவின் ஆசிரியை, அழுதுகொண்டு வரும் பிள்ளையைத் தூரத்திலேயே அடையாளம் கண்டுவிடுகிறவள். அவள் கையை நீட்டி அக்காளின் சேலையைப் பற்றினாள், இடுப்பருகில்.

"இது என்னதுக்கா, கறை?"

ஞானவடிவு குனிந்து பார்த்தாள். வெளிர் சாம்பல் சேலை. இடது இடுப்பில், கைக்குட்டை செருகும் இடத்தில், உள்ளங்கை அளவுக்குப் பழுப்பாக ஒரு கறை பரவியிருந்தது. கைக்குட்டையை உருவினாள். நாலாக மடித்திருந்தது, ஓரங்கள் நேர்த்தியாக ஒன்றின் மேல் ஒன்று பொருந்தியிருந்தன. அவளைத் தவிர வேறு யாரும் அப்படி மடிக்க மாட்டார்கள். உள்ளே ஆறாவது துண்டு. துண்டாக இல்லை, குழைந்து, துணியின் நூலுக்கு நூல் ஊறியிருந்தது. யாரும் தின்னவில்லை. அவளே எடுத்திருக்கிறாள், அவளே மடித்திருக்கிறாள், கீழே விழாமல் பத்திரமாக இடுப்பில் செருகியிருக்கிறாள், பிறகு காப்பி கலந்து குடித்திருக்கிறாள், தம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறாள், மறுபடி போய்ச் சம்படத்தைத் திறந்திருக்கிறாள். ஒவ்வொன்றையும் ஒழுங்காகச் செய்திருக்கிறாள். செய்தவள் யார்? உடம்புச் சூட்டுக்குச் சற்றுக் கீழே உருகும். உருகிக்கொண்டிருந்தபோது அந்த ஈரம்கூட அவளுக்கு உறைக்கவில்லை.

"சின்னப் பிள்ள மாரி மடியில கட்டி வச்சிருக்க!" பியூலா கைதட்டினாள். "எனக்குத் தெரியாமத் திங்கவாக்கும்? கள்ளி!"

ஞானவடிவுக்குச் சிரிக்க வரவில்லை. பியூலா கைக்குட்டையில் விரலைத் தொட்டு நக்கப்போனாள். ஞானவடிவு அவள் கையைத் தடுத்து, கைக்குட்டையை மடித்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். சம்படத்திலிருந்து இரண்டு துண்டுகள் எடுத்தாள். பியூலாவின் உள்ளங்கையில் ஒன்று வைத்தாள். தனக்கு ஒன்று. எதிரே முக்காலியில் உட்கார்ந்தாள். எப்போதும் நின்றுகொண்டேதான் தின்பாள், மருந்து விழுங்குவதுபோல, பியூலா கடிக்காமல் இருக்கிறாளா என்று கண்காணித்துக்கொண்டு. இன்று உட்கார்ந்தாள். முதலில் ஒன்றுமில்லை, ஒரு கல், குளிர்ந்த கல். பிறகு ஓரங்கள் மழுங்கின. கசப்பு நாக்கின் அடியிலிருந்து எழுந்தது, அண்ணத்தில் பரவியது, கண்ணுக்குப் பின்னால் எங்கேயோ போய் முட்டியது. அதன் பின்னால் மிகத் தாமதமாக ஒரு இனிப்பு, இனிப்பு என்று சொல்லவும் முடியாத ஒன்று. மழை மண் என்று பியூலா சொன்னாளே, அது இதுவா. இரண்டு ஆண்டுகளாகத் தினமும் தின்கிறாள், ஒருநாளும் சுவையைக் கவனித்ததில்லை. மூளைக்கு நல்லது, இரத்தக் குழாய்க்கு நல்லது என்று எண்ணி எண்ணித் தின்றிருக்கிறாள். ஏழு கூடும். கூடவில்லை. எதிரே பியூலா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். இமைகள் லேசாக அசைந்தன, உதட்டோரம் மெல்லிய ஈரம். நேற்று தின்றது அவளுக்கு இல்லை, நாளை தின்னப்போவதும் இல்லை, அதனால் குறை ஒன்றும் அந்த முகத்தில் தெரியவில்லை. தனக்கும் அப்படித்தான் ஆகுமா? அல்லது, தங்கபாய் டீச்சரைப்போல, கையைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் கேட்டுக்கொண்டே இருப்பாளா? ஒருநாள் காலையில் இந்த முகத்தைப் பார்த்து நீங்க எந்த செக்ஷன் என்று தான் கேட்டால், பியூலா என்ன செய்வாள்? பியூலா அவளை யாரென்று கேட்டால்? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டால்? அந்த நினைப்பின் விளிம்பில் கொஞ்ச நேரம் நின்றாள். துண்டு கரைந்து முடிந்தது. நாக்கு தேடியது, இல்லை.

தொலைபேசி அடித்தது. நாலரை. எழுந்து போய் எடுத்தாள்.

"பெரியத்தை! எப்படி இருக்கீங்க? சின்னத்தை எப்படி இருக்காங்க? ஒண்ணும் கஷ்டம் இல்லையே?"

பதில் ஆயத்தமாக நாவில் இருந்தது. சனிக்கிழமைதோறும் சொல்வது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். சொல்லலாம். சொன்னால் இன்னும் சில மாதங்கள் இந்த வீடு, இந்த ஜன்னல், இந்த நாற்காலி. ஷைனி நம்புவாள், ஞானவடிவின் வாய்ச்சொல்லை நம்பாதவர்கள் யாருமில்லை. பியூலாகூட நம்பினாள், தின்னாததைத் தின்றதாக. சில மாதங்கள் கழித்து, அடுப்பின் முன்னாலோ தெருவிலோ வேறு யாராவது கண்டுபிடிப்பார்கள். அப்போது கேட்க வேண்டியதைக் கேட்பதற்குத் தனக்கு நினைவு இருக்காது. அப்போது பியூலாவை ஒரு பக்கமும் தன்னை ஒரு பக்கமும் அனுப்பினால் தெரியவா போகிறது?

"ஷைனி, நாகர்கோவில்ல ஒரு இடம் சொல்லி வச்சிருக்கேன்னியே."

"ஆமா பெரியத்தை. ஏன், சின்னத்தைக்கு ரொம்ப முடியலையா?"

"அத ரெண்டாக் கேளு."

ஞானவடிவு திரும்பி, ஜன்னலோரம் இருந்தவளைப் பார்த்துக்கொண்டாள்.

"ஒரே அறையாக் கேளு. சின்ன அறைன்னாலும் பரவாயில்ல, ரெண்டு கட்டில் போட இடம் இருந்தாப் போதும். எனக்கு டாக்டர்ட்ட நாள் வாங்கு. இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அவர்ட்டச் சொல்றேன், நீயும் கூட இரு."

"பெரியத்தை… என்ன சொல்றீங்க நீங்க…"

"அழாத. பேனா இருக்கா? எழுதிக்கோ. இன்னைக்குத் தேதி போடு. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போவோம், ஒண்ணாத்தான் இருப்போம், பிரிக்கக் கூடாதுன்னு பெரியத்தை சொன்னான்னு எழுது. நாளைக்கு நானே மாத்திச் சொன்னாலும் நீ இதத்தான் எடுத்துக்கணும். எழுதிட்டியா? வாசி."

ஷைனி உடைந்த குரலில் வாசித்தாள். ஒரு சொல் விட்டுப்போயிருந்தது. ஞானவடிவு அதைச் சொல்லிச் சேர்க்கச் செய்தாள். பிறகு தொலைபேசியை வைத்துவிட்டு, அதன் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கா, ஷைனியா? எங்கயும் கூட்டிட்டுப் போறாளா?"

"நாகர்கோவிலுக்கு."

பியூலா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகம் பளிச்சென்று ஆயிற்று. "டூரா? முன்னாலயே சொல்ல வேண்டாமா? பஸ்ஸுக்குச் சொல்லணும், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சொல்லணும். பிள்ளைங்க எத்தன பேரு?"

டூர் இல்லை பியூலா, நாம் ஓய்வுபெற்றுப் பல வருஷமாகிறது என்று சொல்லியிருப்பாள், வேறொரு நாளாக இருந்தால். ஞானவடிவு அவள் அருகில் போய், நாற்காலியின் கையில் உட்கார்ந்து, தலையைத் தடவிக் கொடுத்தாள்.

"ரெண்டே பேருதான்" என்றாள்.